முதல் ஆறு ஓட்டங்கள்

செய்தி வந்தபோது ஆலையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் கிரீஸ். போன் மூன்று முறை அடித்து நின்றது. நான்காவது முறை பக்கத்தில் நின்ற ஃபிட்டர் அதை எடுத்து என் காதில் வைத்தார். சரோஜா அண்ணி பேசினார்.

"தம்பி, எங்க இருக்கீங்க? அண்ணன் பட்டறையில ஒக்காந்துகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாருங்க. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போனோம். போற வழியிலயே முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டாங்க."

"நேத்து சாயங்காலம்கூடப் பேசினாரே" என்றேன்.

அன்பழகன் அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. கள்ளக்குறிச்சியில் ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற பட்டறைக்காரர் என்று உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோமுகி அணையில் அவர் பாய்மரப் படகு ஓட்டியது சிலருக்குத் தெரியும். அவரோடு போட்டிக்கு ஓட்டியவன் நான். முப்பதாம் நாளுக்கு அச்சிடும் சிறு புத்தகத்துக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். "நல்லதா எழுதுங்க தம்பி" என்றார். முயன்று பார்த்தேன், வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன். அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் ஜவ்வரிசி ஆலையில் ஒரு ஃபைபர் தொட்டி ஒழுகியது. அதை அடைக்க வந்தவர் அவர். என் மேசைக் கணினியில் ஒரு படகின் வரைபடம் திறந்திருந்தது. கையில் பிசின் டப்பாவோடு நின்று பார்த்தார். "இன்னாது, கேட்போட்டா? பாய்மரத்த இன்னும் கொஞ்சம் முன்னாடி வைக்கணுமே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலுக்கு மூன்று மணி நேரத் தொலைவில், ஒழுகும் தொட்டிக்கு அடியிலிருந்து வந்த ஒரு மனிதர் அந்தப் பெயரைச் சொல்கிறார். வளைகுடாவில் பதினோரு வருஷம் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளுக்கு ஒட்டுப்போட்டவர் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. கேட்போட் என்பது ஒரே பாய் உள்ள சிறிய படகு. பாய்மரம் மூக்கின் நுனிக்குப் பக்கத்திலேயே நிற்கும். உடம்பு அகலம், ஆழம் குறைவு. நடுவில் ஒரு பலகையை இறக்கினால் படகு பக்கவாட்டில் நழுவாது. ஒருவரே ஓட்டலாம். அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் முனியனிடம் இதையெல்லாம் நான் விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கேட்டுன்னா பூனைதானங்க சார்? பூனைக்குத் தண்ணின்னாவே ஆவாதே!"

நாங்கள் இரண்டு படகு கட்டினோம். இரண்டும் பன்னிரண்டு அடி நீளம், ஒரே பிளைவுட், ஒரே அளவு பாய்த்துணி. மற்றதில் எல்லாம் சண்டை. அவருடைய ஒன்றாம் நம்பர் நல்ல அகலம். பாய் நான்கு மூலை, தாழ்வானது. சுக்கான் கதவுமாதிரி பட்டையாக இருக்கும். என்னுடைய இரண்டாம் நம்பர் ஒரு அடி ஒல்லி. உயரமான முக்கோணப் பாய், கத்திமாதிரி குறுகி ஆழமாக இறங்கும் சுக்கான். என் கணக்குப்படி என்னுடையதுதான் வேகம். "கணக்கு பேப்பர்ல இருக்கட்டும், தண்ணி இன்னா சொல்லுது பாரு" என்பார் அவர். அந்த வாக்கியத்தை நான் நூறு தடவையாவது அவர் வாயால் கேட்டிருப்பேன்.

ஷட்டர் பக்கத்தில் தொடங்கி, எதிர்க்கரை மொட்டைப் பாறையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அதுதான் ஓட்டம். அவர் என்னைவிட இருபத்தைந்து கிலோ கூட. எடையைச் சமப்படுத்த என் படகில் கிழங்குக் கோணி ஒன்றில் மணல் நிரப்பி வைத்துக்கொள்வேன். முதல் வருஷம் ஆறு ஞாயிறு ஓடினோம். ஆறிலும் தோற்றேன். கொஞ்சநஞ்சத் தோல்வியில்லை. நான் பாறையைத் திரும்பும்போது அவர் பாதி தூரம் வந்திருப்பார், கடலை தின்றுகொண்டு. மலையிலிருந்து காற்று சட்டென்று இறங்கும்போதெல்லாம் என் படகு சாய்ந்து, நான் சொன்னதைக் கேட்காமல் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

ஆறாவது தோல்வி அன்று கரைக்கு வந்து சுத்தியலை எடுத்து என் சுக்கானை உடைத்தேன். இதை மறைக்கப் போவதில்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். "விடுறா, பலக இன்னா பண்ணிச்சி உன்ன?" என்றார் அண்ணன். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதம் அணைப் பக்கம் போகவில்லை. அவர் போன் செய்தால் எடுக்கவுமில்லை.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் ஆலை வாசலில் தன் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா எஞ்சினியரே, தோத்தா படகு ஓட்ட மாட்டியா?"

"தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன்ணே. நடுப்பலகையை அரையடி பின்னாடி தள்ளணும். அப்பத்தான் மூக்கு திரும்பாது."

"அவ்ளோதான? செஞ்சிக்கினு வா. பாத்துடலாம்."

செய்துகொண்டு போனேன். ஜெயித்தேன். ஒரு படகு நீளம் முன்னால் வந்து ஜெயித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இருந்த சந்தோஷத்தை வாழ்க்கையில் வேறு எதனோடும் ஒப்பிடத் தெரியவில்லை. அரையடி! பேப்பரில் போட்ட கணக்கு தண்ணீரில் நடந்துவிட்டது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருஷம், தண்ணீரும் காற்றும் ஒன்றாகக் கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் ஓடினோம். அணையில் அது சுலபமில்லை. தண்ணீர் இருந்தால் காற்று கம்மி, காற்று இருந்தால் தண்ணீர் கம்மி. பத்துக்கு ஏழு நான் ஜெயிப்பேன். மூன்று அவர்.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எப்போதும் எனக்கு முன்னால் தண்ணீரில் இறங்கிவிடுவார். நான் அணைக்குப் போகும் வழியில் வடக்கனந்தலைத் தாண்டும்போதே அவர் நடு அணையில் மிதந்துகொண்டிருப்பார். முடிந்த பிறகும் நான் கரையேறி, பாயைச் சுருட்டி, பைக்கைக் கிளப்பும்வரை அவர் கரைக்கு வரமாட்டார். "நீ கெளம்பு, நைட் ஷிஃப்ட் இருக்குதுல்ல. நான் கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்துகினு வரேன்" என்பார். வயதில் மூத்தவரின் நிதானம் என்று எடுத்துக்கொண்டேன். என்மேல் உள்ள அக்கறை என்றுகூட நினைத்தேன்.

ஒருமுறை படகை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டேன். இரண்டு வடிவங்களை ஒப்பிடுகிறவன் ஓட்டுபவரை மாற்றிப் பார்க்க வேண்டும். இது எஞ்சினியரிங்கில் முதல் வருஷப் பாடம். "போடா, பல்லு வெளக்கற பிரஷ்ஷ மாத்திப்பாங்களா?" என்று சிரித்துத் தட்டிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தவன் எதற்கு வற்புறுத்தப் போகிறான்?

இன்னொரு ஞாயிறு மலைக்காற்று மோசமாக அடித்தது. பாறைக்குப் பக்கத்தில் என் படகு பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரை அள்ளியது. பாயின் கயிற்றை விட்டுவிட்டதால் தப்பித்தேன். அவருடைய படகு பக்கத்தில் கல்லுமாதிரி நின்றது. "இறங்கிடாத, ஒக்காரு, ஒக்காரு!" என்று கத்தினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது வெறும் பதற்றம் இல்லை. நான் கரையேறிய பிறகும் தண்ணீரில் இருந்தபடியே வெகுநேரம் என் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பாய் ரொம்ப உசரம்டா" என்றார். நான் அதைத் தோற்றவரின் பேச்சாகக் கேட்டேன். குறிப்பேட்டில், 'சாய்ந்ததற்குக் காரணம் ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டேன். என் வடிவத்தைக் காப்பாற்ற என்னையே குற்றம் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை எழுதியது இரண்டு பேரின் பொழுதுபோக்கு. அத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. புதுச்சேரியில் பாய்மரப் படகு கற்றுத்தரும் ஒரு சிறு சங்கம், புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு கேட்போட் வடிவம் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு படகையும் ஒப்பிட்டு ஒன்பது பக்கம் எழுதினேன். அட்டவணை, வரைபடம், எல்லாம் உண்டு. 'அகலம் நிதானத்தைத் தருகிறது, வேகத்தைத் தின்றுவிடுகிறது. நடுப்பலகையைப் பின்னால் தள்ளினால் ஒல்லிப் படகே சிறந்தது.' இதுதான் என் முடிவு. அனுப்புவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய் அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்பது பக்கத்தையும் படித்தார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"இன்னும் ஒரு வருஷம் ஓட்டிப் பாக்கலாமே தம்பி."

"எதுக்குண்ணே? ரெண்டு வருஷம் பத்தாதா?"

"அதுக்கில்ல. கடல் காத்து வேற. புதுசா கத்துக்கறவங்க வேற. அவசரம் இன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. "உங்க படகு தோத்துடுச்சின்னு வெளியில தெரியக்கூடாது. அதான? பொறாமைண்ணே உங்களுக்கு" என்றேன். அப்படியே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, 'ஓட்டங்களை உடனிருந்து சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். "படம் நல்லா வரைஞ்சிருக்கற" என்றார். சங்கம் இரண்டாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தது. எட்டு படகு செய்யப்போவதாகச் சொன்னார்கள். அவர் இறப்பதற்கு முந்தைய மாலை போனில் அதைத்தான் சொன்னேன். "அப்படியா" என்றார். "ஞாயித்துக்கெழம வாடா, உங்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றார்.

அந்த ஞாயிறு வரவில்லை.

கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து, முனியனின் கொட்டகையில் கிடக்கும் படகுகளை எடுத்துப்போகச் சொன்னார் அண்ணி. நானும் முனியனும் ஒன்றாம் நம்பரை டிராக்டரில் ஏற்றுவதற்காகக் கவிழ்த்தோம். அடிப்பாகத்தில், பின்முனையிலிருந்து ஒரு அடி உள்ளே, ஒரு எஃகு வளையம். வரைபடத்தில் அது கிடையாது. கட்டியபோதும் கிடையாது. உள்பக்கம் கயிறு உராய்ந்து உராய்ந்து வெள்ளிமாதிரி மின்னியது. அதில் நாலைந்து சணல் நார் சிக்கிப் பச்சைபிடித்துக் கிடந்தது.

"இது என்ன?" என்றேன்.

முனியன் என்னை ஒருமாதிரி பார்த்தார். "கோணி கட்ற வளையம் சார்."

"என்ன கோணி?"

"கெழங்குக் கோணிதான். வாயத் தொறந்து தண்ணிக்குள்ள தொங்க வுடுவாரு. இழுத்துக்கினே வரும். படகு ஓடாது. காத்து ஜாஸ்தின்னா பெரிய கோணி, கம்மின்னா சின்ன கோணி." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதுங்களா? நாங்க கரையில ஒக்காந்துகினு இன்னைக்குப் பெருசா சின்னதான்னு பேசிக்கினு இருப்போம் சார்."

அணையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பரிசல்காரர்களுக்குத் தெரியும். கரையில் மீன் வறுத்து விற்கும் அம்மாவுக்குத் தெரியும். அடிக்கு அளவு எடுத்து, நொடிக்கு நேரம் குறித்து, ஒன்பது பக்கம் எழுதிய எனக்கு மட்டும் தெரியாது. வளையத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். உள்ளே ஃபைபர் ஒட்டு போட்டு, தேய்த்து, வண்ணம் பூசி, ஒரு சொட்டு கசியாதபடி பொருத்தியிருந்தார். பொய்யைக்கூட ஒழுகாமல் செய்திருக்கிறார் மனிதர்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நீங்க சுக்கான ஒடைச்சிட்டுப் போன அப்பறம், ஞாயித்துக்கெழமன்னா வூட்டுலயே சுத்திக்கினு இருந்தாருங்க. அவரு சொல்ற எதையும் இந்த ஊர்ல யாருகிட்டப் பேச முடியும்? எங்கிட்ட பாய்மரம், சுக்கான்னா நான் இன்னா சொல்லுவேன்? 'அவன் தோத்தா வரமாட்டான் சரோஜா, ஒரு கோணி குடு'ன்னாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஒருவாட்டி ரெண்டுவாட்டின்னு நெனச்சேன்."

"கையெழுத்துப் போட்டாரே அண்ணி."

"போட்டுட்டு வந்து அன்னைக்கு சாப்புடல. 'பொறாமைன்னுட்டான், இனி எப்படிச் சொல்றது'ன்னாரு. தப்புதான் தம்பி. எழுதுங்க. நான் வேணான்னு சொல்லல."

காரணம் எனக்கு விளங்குகிறது. என் சுத்தியலுக்கும் வாய்க்கும் இதில் பங்கு இருப்பதும் விளங்குகிறது. ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்னை வரவழைக்கக் கோணி கட்டியதைக்கூட விட்டுவிடலாம். அந்த மலைக்காற்றில் என் படகு கவிழப் பார்த்ததைக் கண்ணால் பார்த்த மனிதர், அதே படகில் முன்பின் தெரியாதவர்கள் கடலில் ஏறப்போகிறார்கள் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டார். அந்த ஞாயிறு வந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று அண்ணி நம்புகிறார். எனக்கு நம்பத் தெரியவில்லை. இரண்டு வருஷ ஞாயிறுகள் வந்தன, போயின. அவற்றில் எதிலும் சொல்லவில்லையே.

அடுத்த ஞாயிறு இரண்டு படகையும் தண்ணீரில் இறக்கினேன். நான் ஒருவன்தான். அதனால் ஒரே மதியத்தில் மாறி மாறி ஓட்டினேன், இரண்டு படகிலும் தலைக்கு மூன்று தடவை, முனியனை எடைக்கு உட்காரவைத்து. பரிசலைத் தவிர எதிலும் ஏறாதவர் அவர். "மெதுவா சார், மெதுவா சார், எனக்குப் புள்ள குட்டி இருக்குது" என்று பலகையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒன்றாம் நம்பரை அன்றுதான் முதல்முறையாக ஓட்டுகிறேன். சுக்கான் கொஞ்சம் கனம். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் காற்று இறங்கியபோது அது தோளைக் குறுக்கிக்கொண்டு போகிற ஆள்மாதிரி அப்படியே போயிற்று. மூன்று தடவையும் இரண்டாம் நம்பரைவிட வெகு குறைந்த நேரத்தில் திரும்பிவிட்டேன். இரண்டாம் நம்பர் மூன்று தடவையும் மூக்கைத் திருப்பிக்கொண்டது. நடுப்பலகையை அரையடி தள்ளியது ஒன்றும் செய்யவில்லை. எந்த நாளும் செய்ததில்லை.

"இப்ப தெரிஞ்சிதுங்களா?" என்றார் முனியன். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கரையில் நின்றே புதுச்சேரிக்குப் போன் போட்டேன். செயலாளர் அம்மா எடுத்தார்.

"மேடம், வேலையை நிறுத்துங்க. நான் அனுப்பின முடிவு தப்பு."

"எட்டு படகுக்கும் அடிப்பலகை வெட்டியாச்சே சார்! சரிபார்த்தேன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"போட்டிருக்கார். ஓட்டம் நேர்மையா நடக்கல. அந்தப் படகுல யாரையும் ஏத்தாதீங்க."

"யார் ஏமாத்தினது?"

இறந்து இருபது நாள்கூட ஆகாத மனிதரின் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. "நான் சரியா பாக்கல" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே உங்கள் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன். அவர்களுக்கும் இந்தப் பக்கங்கள் போகும்.

ஒன்றாம் நம்பரின் வரைபடத்தை அனுப்பிவிட்டேன். மேலே 'வடிவமைப்பு: அன்பழகன்' என்று போட்டிருக்கிறேன். அஞ்சலிக்காகப் போடவில்லை. வடிவம் அவருடையது, அதனால் போட்டேன். வெட்டிய பலகைகளை இழைத்துக் கூட்டி அகலமாக்க முடியுமா என்று பார்க்க அடுத்த வாரம் புதுச்சேரி போகிறேன்.

அவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்று அண்ணி கேட்டார். உளிகள் இருக்கின்றன, வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த அளவுகோல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்றேன். வளையத்தையும் கழற்றிப் போட்டுவிட்டேன். என் குறிப்பேட்டில் இரண்டு வருஷத்துப் பக்கங்களைக் கிழித்தேன். நான் ஜெயித்தது, அவர் ஜெயித்தது, எல்லாம் நான் கரைக்கு வரும் முன்பே அவர் முடிவு செய்துவிட்டவை. முன்பக்கத்தில் ஒரே ஒரு தாள் மிச்சமிருக்கிறது. நாங்கள் இருவரும் உண்மையாக ஓடிய ஆறு ஓட்டங்கள் அதில் இருக்கின்றன. ஆறிலும் என்னை அவர் இரக்கமில்லாமல் தோற்கடித்திருக்கிறார். அந்தத் தாளை வைத்துக்கொள்கிறேன்.